100 மெகாபிட் இணைப்பு இருந்தும் காணொளி அழைப்பு அறுபடுவது ஏன்?

கேள்வியின் சாரம் இது. திருச்சியில் மாடியுடன் கூடிய ஒரு வீடு. 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பு கீழ்க்கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ள மர அலமாரிக்குள் இருக்கும் ரவுட்டரில் வந்து முடிகிறது. மகன் மாடி அறையில் அமர்ந்து அலுவலகக் கூட்டங்களில் கலந்துகொள்கிறார். பெற்றோர் மாலையில் டொரண்டோவில் இருக்கும் மகளுடன் கீழே இருந்து பேசுகிறார்கள். வேகச் சோதனையில் பதிவிறக்கம் 95, பதிவேற்றம் 20 என்று வருகிறது. ஆனாலும் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, படம் உறைந்து நிற்கிறது. 200 மெகாபிட் திட்டத்துக்கு மாறுவதா, விலை உயர்ந்த ரவுட்டர் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஒருவரோடு ஒருவர் பேசும் தெளிவான காணொளி அழைப்புக்கு ஏறத்தாழ 1 முதல் 4 மெகாபிட் வரை போதும். உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு அழைப்புகள் நடந்தாலும் 20 மெகாபிட் பதிவேற்றத்தில் பாதிகூடச் செலவாகாது. ஆகவே உங்களுக்குக் குறைவது வேகம் அன்று. வேகச் சோதனை என்பது பத்துப் பதினைந்து வினாடிகளில் எவ்வளவு தரவு வந்து சேர்ந்தது என்பதையே முக்கியமாக அளக்கிறது. அந்தத் தரவு ஒரே சீராக வந்ததா, இடையில் அரை வினாடி நின்று பிறகு மொத்தமாக வந்து கொட்டியதா என்பதை அது பெரும்பாலும் சொல்வதில்லை. அழைப்பின் தரத்தைத் தீர்மானிப்பதோ அந்தச் சீர்மைதான்.

இதைச் சற்று விளக்க வேண்டும். அழைப்புச் செயலிகள் பொதுவாகக் குரலை 20 மில்லி வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பொட்டலமாக அனுப்புகின்றன. அதாவது வினாடிக்கு 50 பொட்டலங்கள். மறுமுனையில் இருக்கும் செயலி அவற்றைச் சிறிது நேரம் தேக்கி வைத்து, வரிசைப்படுத்தி, ஒலியாக்குகிறது. அந்தத் தேக்கம் சில பத்து மில்லி வினாடிகளுக்கு மட்டுமே போதும். அதற்குமேல் தாமதித்து வரும் பொட்டலம் வந்தும் பயனில்லை. அது சொல்ல வேண்டிய அசை கடந்து போயிருக்கும். திரைப்படம் பார்க்கும்போது செயலி பல வினாடிகளுக்கு உரிய படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் இடையில் வரும் தடங்கல் நமக்குத் தெரிவதில்லை. உரையாடலில் அதற்கு வழியில்லை, ஏனெனில் மகள் இன்னும் பேசாத சொல்லை முன்கூட்டியே இறக்கி வைக்க முடியாது. "படம் நன்றாக ஓடுகிறது, அழைப்பு மட்டும்தான் கெடுகிறது" என்று பலரும் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்கள் இயல்பாக நடக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. டொரண்டோ நேர்க்கோட்டிலேயே சுமார் 13,500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆக, கேபிள் வளையாமல் நேராகப் போனால்கூட ஒருவழிக்கு ஏறத்தாழ 67 மில்லி வினாடி கழிந்துவிடும். உண்மையான கடலடிக் கேபிள்கள் சுற்றிச் செல்வதால் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். அந்தத் தாமதத்தை எந்த ரவுட்டராலும் குறைக்க முடியாது. ஆகவே மகளுடன் பேசும் அழைப்பில், வீட்டுக்குள் வீணாக்குவதற்கு உங்களிடம் மிச்ச நேரம் இல்லை என்று கொள்ளுங்கள். உள்ளூர் அலுவலகக் கூட்டத்தில் கவனத்துக்கு வராத ஒரு குறை, டொரண்டோ அழைப்பில் பளிச்சென்று தெரிவதும் இதனால்தான்.

எதையும் வாங்குவதற்கு முன், கோளாறு வீட்டுக்குள் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். அதற்குக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் பிங் கட்டளை போதும்; ஒரு முகவரிக்குச் சிறு பொட்டலம் அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி வினாடி ஆனது என்று அது காட்டும். மாடி அறையில், அழைப்பு வழக்கமாகக் கெடும் அதே நேரத்தில், இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் நிற்காமல் பிங் அனுப்பி, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ரவுட்டருக்குப் போகும் பிங் 2, 3, 5 மில்லி வினாடி என்று வந்துகொண்டிருக்கும்போதே இடையிடையே 150, 300 என்று தாவினாலோ, பதிலே வராமல் போனாலோ, கோளாறு உங்கள் வைஃபையில். ரவுட்டர் வரிசை சீராக இருந்து, வெளி முகவரியின் வரிசை மட்டும் தாவினால், கோளாறு ரவுட்டருக்கு அப்பால். அந்த இரண்டாவது நிலையிலும் உடனே இணைப்பு தரும் நிறுவனத்தைக் குறை சொல்லிவிடக் கூடாது. பதிவேற்ற நெரிசலும் அப்படித்தான் தோன்றும். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன அமைப்பை வைத்துப் பார்த்தால், முதல் குற்றவாளி வைஃபையாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். வைஃபை ஒரு பொது வெளி. ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டுமே பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும், அடுத்த வீட்டுக் கருவிகள் உட்பட. இதில் பலர் கவனிக்காத ஒன்று, தொலைவில் இருக்கும் மெதுவான கருவி எல்லோருடைய நேரத்தையும் தின்றுவிடும் என்பது. 1,500 பைட் கொண்ட ஒரு பொட்டலம் 300 மெகாபிட் வேகத்தில் 0.04 மில்லி வினாடியில் காற்றில் கடந்துவிடும். அதே பொட்டலத்தை, வாசல் கதவுக்கு வெளியே மாட்டிய கண்காணிப்புக் கேமரா சிக்னல் போதாமல் 6 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 2 மில்லி வினாடி பிடிக்கும், ஐம்பது மடங்கு. ஆகவே மாடி அறையில் இருப்பவர் படும் பாட்டுக்கு வாசலில் இருக்கும் கேமரா காரணமாக இருக்கலாம்.

ரவுட்டரை அலமாரியை விட்டு வெளியே எடுங்கள். தொலைக்காட்சியின் உலோகப் பின்புறம், பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஆகிய அனைத்தும் அலையைத் தடுப்பவை. கூடத்தில் திறந்த இடத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ரவுட்டரை வைத்தாலே கீழ்த்தளத்தின் நிலைமை பெரிதும் மாறிவிடும். அழைப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே. தெருவில் உள்ள எல்லா வீடுகளும் அந்த மூன்றுக்குள்தான் முட்டிக்கொள்கின்றன, போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம்; ஆனால் அது சுவரையும் தளத்தையும் அவ்வளவாக ஊடுருவாது. சேனல் தேர்வில் 36 முதல் 48 வரை உள்ளவற்றையோ 149 முதல் மேலே உள்ளவற்றையோ தேர்ந்தெடுங்கள். இடைப்பட்ட 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ராடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ராடார் அலை உணரப்பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு உடனே விலக வேண்டும் என்பது விதி. அப்போது அழைப்பு அறுந்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் மாடி அறை சரியாகாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவே ஒரு கான்கிரீட் தளம் இருக்கிறது. அதற்கு நம்பகமான தீர்வு ஒன்றுதான்: மாடி அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுப்பது. பிறருக்கு வீட்டு இணையம் அமைத்துக் கொடுத்த எல்லா இடங்களிலும், செலவழித்த பணத்துக்கு அதிகப் பலன் தந்தது இந்தக் கேபிள்தான். கம்பியில் ரவுட்டருக்குப் போகும் பிங் 1 மில்லி வினாடிக்கும் குறைவாக, நாள் முழுவதும் அசையாமல் நிற்கும். அடுத்த வீட்டுக்காரர் என்ன செய்தாலும் அது மாறாது.

கேட் 6 வகைக் கேபிள் வாங்குங்கள். கேட் 5இ வகையும் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும், ஆகவே அது கிடைத்தாலும் போதும். ஆனால் கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியக் கம்பிமேல் செம்பு பூசிய மலிவு கேபிள்கள் சந்தையில் ஏராளம். அவை எளிதில் ஒடிகின்றன, நீண்ட தூரத்தில் சிக்னலும் பலவீனப்படுகிறது. கேபிளின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரிகிறதா என்று கடையிலேயே அறிந்துகொள்ளலாம். கட்டும்போதே பதித்த குழாய் இருந்தால் அதன் வழியே இழுக்கலாம், ஆனால் 230 வோல்ட் மின்கம்பி ஓடும் அதே குழாயில் இழுக்கக் கூடாது. பாதுகாப்புக்கும் அது தவறு, சிக்னலுக்கும் தவறு. குழாய் இல்லாவிட்டால் வெளிச்சுவரை ஒட்டி, வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிளை ஏற்றி, சன்னல் சட்டத்தில் துளையிட்டு உள்ளே கொண்டுவரலாம்.

முனையில் பின் மாட்டும் வேலையில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. இரு முனைகளிலும் வண்ண வரிசை ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இந்த எட்டில் நீலத்தோடோ பழுப்போடோ சேர்ந்த ஒரு கம்பி சரியாகத் தொடாவிட்டால் இணைப்பு அறவே நின்றுவிடாது. 1 கிகாபிட்டுக்குப் பதிலாக 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும், அல்லது அவ்வப்போது விழுந்து எழும். என் அக்கா வீட்டில் இரண்டு மாதம் எல்லோரும் ரவுட்டரையே சந்தேகித்தோம். புது ரவுட்டரும் வந்தது, குறை தீரவில்லை. கடைசியில் பழுப்புக் கம்பி பின்னுக்குள் முழுதாக நுழையாமல் இருந்ததைக் கண்டுபிடித்தோம். பின்னை வெட்டி மறுபடியும் மாட்டியதும் சரியாகிவிட்டது. ஆகவே வேலை முடிந்ததும், கணினியின் வலையமைப்பு விவரத்தில் இணைப்பு வேகம் 1 கிகாபிட் என்று காட்டுகிறதா என்று பார்த்த பிறகே ஆளை அனுப்புங்கள்.

மேலே வந்த கேபிளை மகனின் மடிக்கணினியில் நேராகச் செருகலாம். லேன் துளை இல்லாத மடிக்கணினிக்கு யுஎஸ்பி மாற்றி கிடைக்கிறது. செருகிய பிறகு வைஃபையை அணைத்துவிடுவது நல்லது. மாடியில் கைப்பேசிகளுக்கும் வைஃபை வேண்டுமானால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை அங்கே அணுகல் முனையாக, அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் கருவியாக, வைக்கலாம். அதற்கு அந்தப் பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரியை 192.168.1.2 போன்று, முதன்மை ரவுட்டரின் வரிசையிலேயே ஆனால் வேறு எண்ணாக மாற்றி, முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை, வெளி இணைப்புக்கு உரிய வான் (WAN) துளையில் செருகாமல் லேன் துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். சேனல் மட்டும் கீழே 36, மேலே 149 என்று வேறுபடட்டும். ஒரு வீட்டில் இரண்டு டிஹெச்சிபி இயங்கினால் வரும் குழப்பம் கண்டுபிடிக்க மிகவும் கடினமானது என்பதால், அதை அணைக்க மறந்துவிடாதீர்கள்.

சிக்னலைப் பெற்று மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர் கருவியை அழைப்புக்காக வாங்க வேண்டாம். ஒரே ரேடியோவில் வாங்கி ஒரே ரேடியோவில் அனுப்புவதால் கிடைக்கும் வேகம் பாதியாகிறது, காத்திருப்பு இரட்டிப்பாகிறது. வாடகை வீடாக இருந்து கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால் மட்டும், தமக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ வைத்திருக்கும் மெஷ் கருவிகளைப் பரிசீலியுங்கள்.

இனி பதிவேற்ற நெரிசல். கம்பி இழுத்த பிறகும், ரவுட்டர் பிங் அசையாமல் நிற்கும்போதே, தினமும் சில நிமிடங்கள் அழைப்பு குலைகிறது என்றால் பெரும்பாலும் இதுவே காரணம். ரவுட்டரும் மோடமும் (ஃபைபர் இழை வந்து சேரும் பெட்டி; பல வீடுகளில் இரண்டும் ஒரே கருவி), வெளியே அனுப்ப முடியாத பொட்டலங்களை ஒரு வரிசையில் நிறுத்தி வைக்கின்றன. பொட்டலத்தை இழக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அந்த வரிசையை மிக நீளமாக வைத்துவிட்டார்கள். அம்மாவின் கைப்பேசி மாலையில் வைஃபையைக் கண்டதும் அன்று எடுத்த படங்களையும் காணொளிகளையும் மேகச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்குகிறது. கோப்பு அனுப்பும் நெறிமுறையின் இயல்பு, இழப்பு ஏற்படும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது. வரிசை நீளமாக இருப்பதால் இழப்பு ஏற்படுவதில்லை, வரிசை மட்டும் நிரம்புகிறது. அந்த வரிசையில் 1 மெகாபைட் நின்றால், அது 8 மெகாபிட். 20 மெகாபிட் பாதையில் அது கரைய 0.4 வினாடி ஆகும். அதாவது உங்கள் குரலின் ஒவ்வொரு பொட்டலமும் வாசலிலேயே 400 மில்லி வினாடி நிற்கிறது. ஜி.114 சொல்லும் 150, கடலைத் தொடுவதற்கு முன்பே போய்விட்டது.

இது இன்று நேற்று அறியப்பட்டதன்று. ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருள் பொறியாளர் 2010இல் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது இணையம் முழுவதும் மந்தமாவதைத் துருவிப் பார்த்து, இந்த நீள வரிசைக் கோளாற்றை உலகுக்கு எடுத்துச் சொன்னார். வலையமைப்பு ஆய்வாளர்களான கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற தீர்வைக் கொடுத்தார்கள்: பொட்டலம் எத்தனை என்று எண்ணாமல், வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து, நீண்ட நேரம் நின்றால் அனுப்புநருக்கு வேகம் குறைக்கச் சொல்லும் முறை அது. அதன் அடிப்படையில் உருவான முறைகள் ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை வைப்பதால், படங்கள் அனுப்பும் கைப்பேசி எவ்வளவு முட்டினாலும் குரல் பொட்டலம் தன் முறையில் முன்னே போய்விடுகிறது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும், இணைப்போடு வரும் ரவுட்டர்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி.

உங்கள் வீட்டில் இந்த நெரிசல் இருக்கிறதா என்று அறிய, 8.8.8.8க்குப் பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய காணொளியை மேகச் சேமிப்புக்கு ஏற்றிப் பாருங்கள். எண் 30இலிருந்து 300க்கு ஏறினால் சந்தேகமே வேண்டாம். செலவில்லாத வழி, படக் காப்புநகல் செயலிகளை இரவு அழைப்புகள் முடிந்த பிறகு மட்டும் இயங்கச் செய்வதும், கண்காணிப்புக் கேமரா அசைவு தெரிந்தால் மட்டும் பதிவேற்றுமாறு மாற்றுவதும் ஆகும். நிலையான வழி, மேலே சொன்ன வரிசை ஒழுங்கைச் செய்யும் எஸ்க்யூஎம் என்ற வசதியுள்ள ரவுட்டரை மோடத்துக்கு அடுத்து வைப்பது. ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்றக்கூடிய ரவுட்டர்களில் இது கிடைக்கிறது. அதில் பதிவேற்ற வரம்பை, அளந்து பார்த்த வேகத்தைவிட ஒரு பத்து விழுக்காடு குறைத்து, உங்களுக்கு 18 என்று கொடுக்க வேண்டும். 2 மெகாபிட்டைத் தியாகம் செய்வதன் நோக்கம், வரிசை நிறுவனத்தின் மோடத்தில் உருவாகாமல், ஒழுங்காகக் கையாளத் தெரிந்த உங்கள் ரவுட்டரிலேயே உருவாகச் செய்வது. கேபிளை முதலில் இழுக்கச் சொன்னதற்கும் இதுவே காரணம்: நெரிசல் வைஃபையில் இருக்கும்வரை ரவுட்டரில் செய்யும் இந்த ஏற்பாடு பெரிதாகப் பலிக்காது.

மின்சாரத்தை மறக்க வேண்டாம். மின்தடை வந்து இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்தில் ரவுட்டர் அணைந்து எழுந்தால், மறுபடி இணைய ஓரிரு நிமிடங்கள் ஆகும். கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பவருக்கு அது நீண்ட நேரம். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் நிலை என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் மாற்றம் விரைவாக நடக்கும். இல்லாவிட்டால் ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வாங்குங்கள். கருவியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, மோடமும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் அதில் இணையுங்கள். ஒன்றை மட்டும் இணைப்பதில் பயனில்லை.

பெற்றோர் கைப்பேசியில் பேசும்போது புளூடூத் காதணி குரலைக் கெடுக்கிறதா என்று கம்பிக் காதணி மாட்டி ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அலுவலகக் கணினியில் விபிஎன் (அலுவலக வலையமைப்புக்குச் செல்லும் பாதுகாப்பான தனிப் பாதை) இருந்தால், அழைப்பு அதன் வழியாகச் சுற்றிப் போகிறதா என்று அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவைக் கேளுங்கள்.

கம்பி இழுத்து, வரிசையை ஒழுங்குபடுத்தி, வீட்டில் வேறு எவரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்திலும் வெளிப் பிங் தாவுகிறது என்றால், அப்போதுதான் நிறுவனத்தை அழைக்க வேண்டும். அழைக்கும் முன் மோடத்தின் பக்கத்தில் ஒளி பெறும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபான் என்ற வழக்கமான வீட்டு ஃபைபர் இணைப்புகளில் அது −8க்கும் −27க்கும் (டிபிஎம் அலகில்) இடையே இருக்க வேண்டும். அந்த வரம்புக்குள் இருந்தாலும் −25ஐ நெருங்கிவிட்டால் இழை எங்கோ மடங்கியிருக்கலாம் அல்லது இணைப்பு முனையில் தூசு படிந்திருக்கலாம். அலமாரிக்குப் பின்னால் இழை கூர்மையாக வளைந்திருந்தால் அதை நீங்களே பெரிய வளையமாகத் தளர்த்திவிடலாம். முனையைக் கழற்றித் துடைப்பதையும், கழன்ற இழையின் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பதையும் செய்ய வேண்டாம். "நெட் வரவில்லை" என்று சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். கம்பி இணைப்பில், இன்ன நாள் இன்ன நேரம், ரவுட்டர் வரை 1 மில்லி வினாடி, 8.8.8.8க்கு நூற்றில் ஆறு பொட்டலங்கள் இழப்பு, ஒளி அளவு −26 என்று எழுதிக் கொடுத்தால், ஏணியோடும் ஒளி அளக்கும் கருவியோடும் ஆள் வருவார். அவர் வந்து சரிசெய்யும்வரை, முக்கியமான கூட்டங்களுக்கு மகன் தன் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை யுஎஸ்பி கம்பி வழியாக மடிக்கணினிக்குக் கொடுத்துப் பயன்படுத்தட்டும். அந்தச் சிம் ஃபைபர் தரும் நிறுவனத்தினுடையதாக இல்லாமல் வேறொரு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும்.